பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஸ்டான்லி டிரக்கன்மில்லர் அமெரிக்கப் பெருங்கோடீஸ்வரர். சந்தையில் ஊகம் செய்தே பணம் சேர்த்தவர். 2013 செப்டம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் பொங்கினார். அமெரிக்க மத்திய வங்கி கடன்பத்திரங்களை வாங்கிக் குவிப்பது ஏழைகளிடமும் நடுத்தர வர்க்கத்திடமும் இருந்து பணக்காரர்களுக்குச் செல்வத்தை மாற்றும் வேலை, இவ்வளவு பெரிய அளவில் இதுவரை நடந்ததே இல்லை என்றார். மூன்று ஆண்டு கழித்து, பர்மிங்ஹாமில் நடந்த கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மேயும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்: சொத்து உள்ளவர்கள் மேலும் பணக்காரர்கள் ஆனார்கள், இல்லாதவர்கள் அவதிப்பட்டார்கள். அதே 2016இல் ஜெர்மன் நிதியமைச்சர் வொல்ஃப்காங் ஷாய்ப்ளே, தன் நாட்டில் புதிதாக முளைத்த வலதுசாரிக் கட்சியின் வெற்றியில் பாதியை ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகியின் கணக்கில் எழுதினார். இடதுசாரி மேடைகளிலும் இதே பேச்சுதான். வங்கிக்காரர்களுக்காகப் பணம் அச்சடித்தார்கள், உழைப்பவன் வாயில் மண்.

கோடீஸ்வரரும் தொழிற்சங்கக்காரரும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், அந்த அறிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. இந்தக் குற்றச்சாட்டில் பாதி சொத்தைப் பற்றியது. அதை வருமானத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். மீதிப் பாதி, ஆட்சியாளர்கள் செய்யாமல் விட்ட வேலைக்கான பழியை மத்திய வங்கியின் தலையில் இறக்கிவைப்பது. பத்திரக் கொள்முதல் நடக்காமல் போயிருந்தால் குடும்பங்களுக்கிடையிலான வருமான ஏற்றத்தாழ்வு கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது என்பது என் கட்சி.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2008 நெருக்கடியில் குறுகியகால வட்டி ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2009 மார்ச்சில் தன் வட்டியை 0.5 சதவீதமாக்கியது, அதற்குக் கீழே போக அன்று அதற்குத் துணிவில்லை. ஆகவே நீண்டகால வட்டியை இறக்க வேறு வழி தேடினார்கள். மத்திய வங்கி புதிதாகப் பணத்தை உருவாக்கி, பென்ஷன் நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள் ஆகியவற்றின் கையில் ஏற்கெனவே இருந்த அரசுப் பத்திரங்களை வாங்கும். பத்திரத்தின் விலை ஏறினால் அது தரும் வட்டி விகிதம் இறங்கும். விற்றவர்கள் அந்தப் பணத்தைப் பங்குகளிலும் நிறுவனப் பத்திரங்களிலும் போடுவார்கள். அவற்றின் விலையும் ஏறும். பிரிட்டன் 2009இல் 200 பில்லியன் பவுண்டில் நின்றது; 2012இல் 375; கொரோனாவுக்குப் பின் 895 பில்லியன். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் (ஃபெட்) இருப்பு 2008 நெருக்கடிக்கு முன் ஒரு டிரில்லியன் டாலருக்கும் குறைவாக இருந்தது; 2015இல் 4.5 டிரில்லியன், 2022இல் ஏறக்குறைய 9.

குற்றம் சாட்டுபவர்களின் கையில் உள்ள மிக வலுவான ஆதாரத்தை, குற்றம் சாட்டப்பட்டவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். 2012இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கேட்டதற்குப் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தந்த அறிக்கையில், கொள்முதலால் குடும்பங்களின் நிதிச் சொத்து 600 பில்லியன் பவுண்டுக்கும் மேல் உயர்ந்தது என்றும், அந்த வகைச் சொத்துகளில் 40 சதவீதம் உச்சியில் உள்ள 5 சதவீதக் குடும்பங்களிடம் இருக்கிறது என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருந்தது. 2018இல் அதே வங்கியின் ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டார்கள். வட்டிக் குறைப்பும் கொள்முதலும் சேர்ந்து, சொத்து மிகக் குறைந்த 10 சதவீதக் குடும்பத்துக்குச் சுமார் 3,000 பவுண்டும், மிக அதிகமுள்ள 10 சதவீதக் குடும்பத்துக்குச் சுமார் 3,50,000 பவுண்டும் தந்தன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது.

ஆனால் அந்த ஆய்வின் அடுத்த முடிவை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஏற்றத்தாழ்வை வழக்கமாக அளக்கும் ஒப்பீட்டு அளவுகோல்களில், வருமானத்திலும் சரி சொத்திலும் சரி, பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நூறு மடங்கு வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய நூறு மடங்கு கிடைத்தது. விகிதம் அப்படியே நின்றது. கொள்முதல் அந்த இடைவெளியை உண்டாக்கவில்லை, இருந்த இடைவெளியைப் பவுண்டுக் கணக்கில் காட்டிக் கொடுத்தது. 5 சதவீதத்தினரிடம் 40 சதவீதம் எப்படிச் சேர்ந்தது என்பது 2009க்கு வெகுகாலம் முந்தைய கதை. அதைப் பிறகு பார்க்கலாம்.

இனி, சொத்து வேறு, வருமானம் வேறு. ஆண்டுக்கு 4 பவுண்டு வட்டி தரும் ஒரு பத்திரம் ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை வட்டி இறங்கியதால் 100 பவுண்டாக இருந்த அதன் விலை 130 ஆகிவிட்டது. அவர் சொத்து 30 பவுண்டு கூடிவிட்டது என்று புள்ளிவிவரம் பதியும். அவருக்கு ஆண்டுதோறும் வருவது அதே 4 பவுண்டுதான். விற்றுவிட்டு வேறு பத்திரம் வாங்கினால் அதன் விலையும் ஏறித்தான் இருக்கும். தான் குடியிருக்கும் வீட்டின் விலை ஏறியவரின் நிலையும் இதுவே. விலையேற்றத்தால் உண்மையில் லாபம் பார்ப்பவர் விற்றுச் செலவழிப்பவர். நஷ்டப்படுபவர் புதிதாக வாங்க வேண்டியவர். நார்வேயின் துல்லியமான வரிப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, சொத்து விலை உயர்வால் யாருக்கு உண்மையில் நன்மை என்று பார்த்தபோது, காகிதத்தில் தெரியும் லாபத்துக்கும் கையில் கிடைத்த நன்மைக்கும் நிறைய வேறுபாடு இருந்ததைக் காட்டியது. இளையவர்களிடமிருந்து முதியவர்களுக்கும், இல்லாதவர்களிடமிருந்து இருப்பவர்களுக்கும் கைமாற்றம் நடந்திருக்கிறது என்பதையும் அது மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை. லண்டனில் வாடகைக்கு இருந்துகொண்டு முதல் வீடு வாங்கத் துடிக்கும் முப்பது வயதுக்காரரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை எடுத்து, வருமான ஏற்றத்தாழ்வு என்ற வேறொரு பெட்டியில் போட்டு, அதில் மத்திய வங்கியின் பெயரை ஒட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அடித்தட்டுக் குடும்பத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது? பங்கிலிருந்தோ பத்திரத்திலிருந்தோ அல்ல. கூலியிலிருந்தும் அரசு உதவியிலிருந்தும். அந்தக் கூலி தொடர்ந்து வருமா, நின்றுபோகுமா என்பதுதான் அவர்களுக்கு எல்லாம். மந்தம் வந்தால் மேலாளருக்கு போனஸ் குறையும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருமானமே பூஜ்யமாகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வாங்காமல் இருந்திருந்தால் வேலைகள் என்ன ஆகியிருக்கும் என்பது. இதற்குக் கற்பனை வேண்டியதில்லை. ஐரோப்பா அதைச் செய்தே காட்டியது.

ஃபெட் 2008 நவம்பரிலேயே கொள்முதலை அறிவித்துவிட்டது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து சில மாதங்களில் பின்தொடர்ந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கியோ, சிறு அளவில் சில பத்திரங்களை வாங்கியதோடு சரி. அதோடு நிற்கவில்லை. கிரீஸும் அயர்லாந்தும் போர்ச்சுகலும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த 2011இல், ஏப்ரலில் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையுமாக வட்டியை உயர்த்தியது. அன்று தலைவர் ஜான் கிளாட் டிரிஷே. பணவீக்கம் வந்துவிடும் என்று பயம். வந்தது மந்தம். அமெரிக்காவில் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்ட வேலையின்மை படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யூரோ மண்டலத்தில் அது ஏறிக்கொண்டிருந்தது; 2013இல் 12 சதவீதம். ஸ்பெயினில் 26 சதவீதம். கிரீஸில் அதற்கும் மேல். இவ்விரு நாடுகளிலும் இளைஞர்களில் வேலை தேடியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை.

ஸ்பெயினை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்கே அப்போது தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவர். நிரந்தர ஊழியரை வெளியேற்றுவது செலவு பிடித்த வேலை. தற்காலிகக்காரரை ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிடலாம். ஆகவே மந்தத்தின் முழு அடியும் இளைஞர்கள் மேலும் குடியேறிகள் மேலும் கட்டுமானத் தொழிலாளர்கள் மேலும் விழுந்தது. குடும்ப வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி குறியீடு 2008இல் 32 சொச்சமாக இருந்தது, 2014இல் 34.7க்கு ஏறியது. பெரிய அளவிலான பத்திரக் கொள்முதல் ஒன்றுமே நடக்காத காலம் அது. 2015 ஜனவரி 22 அன்று டிராகி மாதம் 60 பில்லியன் யூரோ கொள்முதலை அறிவித்தார், மார்ச்சில் தொடங்கியது. 2019க்குள் ஸ்பெயினின் கினி 33க்கு இறங்கிவிட்டது. பங்குகள் ஏறத்தான் செய்தன, மாட்ரிட்டில் வீட்டு விலையும் ஏறத்தான் செய்தது. ஆனாலும் வருமான இடைவெளி சுருங்கியது.

இது முழுக்கக் கொள்முதலின் வேலை என்று சொல்லமாட்டேன். 2011 முதல் 2013 வரை ஐரோப்பாவை வாட்டியதில் சிக்கன நடவடிக்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பிறகு மீண்டதில் மலிவான எண்ணெய்க்கும் பங்கு உண்டு. (2012 ஜூலையில் யூரோவைக் காக்க எதையும் செய்வேன் என்று டிராகி சொன்ன ஒரே பேச்சில், ஒரு பத்திரம்கூட வாங்காமலே, ஸ்பெயின் அரசின் கடன் வட்டி இறங்கத் தொடங்கியது என்பதும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம்.) இந்தக் கலவையிலிருந்து கொள்முதலின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க மிக்கேலே லென்சாவும் யிரி ஸ்லாச்சலெக்கும் 2018இல் முயன்றார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தார்கள். கொள்முதல் தொடங்கி ஓராண்டில் வருமானத்தின் கீழ்த்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் வேலையின்மை சுமார் 2 சதவீதப் புள்ளி குறைந்தது. மற்றவர்களிடையே அரைப் புள்ளி அளவில். கீழ்த்தட்டின் சராசரி வருமானம் சுமார் 3 சதவீதம் கூடியது. மேலே உள்ளவர்களுக்கு அரை சதவீதம்போல. ஒட்டுமொத்த கினி சற்றே இறங்கியது. சற்றேதான். கொள்முதல் ஏழைகளின் தோழன் என்று நான் கொடி பிடிக்கவில்லை. பகைவன் என்ற கொடியை இறக்குங்கள் என்கிறேன்.

மத்திய வங்கியின் ஊழியர்கள் எழுதியதை மத்திய வங்கிக்கே சாட்சியாகக் கூட்டலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சரி, வெளியாட்களையே கூப்பிடுவோம். ஒலிவியே கொய்பியோன், யூரி கோரோட்னிசென்கோ முதலான பொருளியலாளர்கள் அமெரிக்காவின் நீண்டகாலத் தரவுகளில் கண்டது, பணக் கொள்கை இறுகும்போது வருமான ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்பது. எதிர்த்தரப்புக்கும் சாட்சிகள் உண்டு, அவர்களையும் ஒளிக்க வேண்டாம். அயாக்கோ சைக்கியும் ஜான் ஃபிராஸ்டும் 2014இல் ஜப்பானைப் பற்றி எழுதிய ஆய்வு, கொள்முதல் அங்கே வருமான ஏற்றத்தாழ்வை விரித்தது என்றது. பின்னர் நீண்ட காலத் தரவுகளோடு செய்த வேறோர் ஆய்வு, அண்மைக் காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் அத்தகைய விளைவு உறுதியாகத் தென்படவில்லை என்றது. ஜப்பானில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிரந்தரம் அல்லாதவர்கள். வேலை பெருகினாலும் கூலி உயராமல் பல ஆண்டுகள் கிடந்தது. அது டோக்கியோவின் கம்பெனிகளும் தொழிலாளர் சட்டமும் செய்த வேலை. பேங்க் ஆஃப் ஜப்பான் எத்தனை பத்திரம் வாங்கினாலும் மாறாது.

டென்மார்க் இன்னும் கடினமான சாட்சி. ஒவ்வொரு குடும்பத்தின் வரிப் பதிவையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு, வட்டி இறங்கினால் எல்லோருக்கும் வருமானம் கூடுகிறது, ஆனால் மேல்தட்டுக்கே அதிகம் கூடுகிறது என்று காட்டியது. இதைப் படித்தபோது என் வாதம் ஆட்டம் கண்டது உண்மை. பிறகு டென்மார்க் எப்படிப்பட்ட நாடு என்று யோசித்துப் பார்த்தேன். வேலை போனால் நல்ல உதவித்தொகை கிடைக்கும் நாடு. நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்கள் பெரும் வீட்டுக் கடன் சுமக்கும் நாடு. அங்கே மந்தம் வந்தாலும் கீழ்த்தட்டின் வருமானம் பாதாளத்துக்குப் போகாது. ஆகவே மந்தத்தைத் தடுத்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது குறைவு. வட்டி இறங்கினால் லாபம் கடன்காரருக்கு, அதாவது வசதியானவருக்கு. ஒரே கொள்கை மாட்ரிட்டில் ஒரு விதமாகவும் கோபன்ஹேகனில் இன்னொரு விதமாகவும் விளைகிறதென்றால், விளைவைத் தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் பாதுகாப்பு வலையும் வீட்டுச் சந்தையும் என்று ஆகிறது. கொள்கையின் திசை ஒன்றுதான்.

சேமிப்பாளர்களின் கண்ணீருக்கு வருவோம். ஜெர்மனியில் இது பெரிய அரசியல். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி இல்லை, டிராகி எங்கள் சேமிப்பைப் பறிக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதாத வாரம் இல்லை. 2020 மே 5 அன்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றமே, சேமிப்பாளர்கள் மேலும் வீட்டு விலைகள் மேலும் ஏற்படும் விளைவுகளை ஐரோப்பிய மத்திய வங்கி போதுமான அளவு எடைபோட்டுக் காட்டவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் வட்டி வருமானத்தில் வாழ்பவர் யார்? மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத குடும்பத்துக்கு வைப்புத்தொகை ஏது? வட்டி வீழ்ந்தால் நேரடியாக இழப்பது சேமிப்பு உள்ளவர். அவர் கீழ்த்தட்டில் இருப்பது அபூர்வம். ஓய்வுபெற்றுச் சிறு சேமிப்பை நம்பியிருக்கும் முதியவர் இதற்கு விலக்கு, அவர் மீது எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லி முன்வரிசையில் அழுதவர்கள் அவரல்லாதவர்கள். கடன் வாங்கியவருக்கோ பலன் கிடைத்தது. ஸ்பெயினில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் இருந்தன. மாதத் தவணை கண்ணெதிரே இறங்கியது.

இந்தக் குற்றச்சாட்டு நம் காதுக்குள் இவ்வளவு எளிதாக நுழைவதற்கு ஒரு காரணம் இலங்கை. பணம் அச்சடித்தல் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது 2022இன் கொழும்பு; செப்டம்பரில் அங்கே பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9. அது ஏழையின் வயிற்றில் அடித்த அடி, ஐயமே இல்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு காரியம். 2019 கடைசியில் வரிகளை வெட்டி வருவாயைக் கைவிட்ட அரசு, தன் செலவுக்காக வெளியிட்ட கருவூல உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாகவே வாங்கியது. டாலர் கையிருப்பு கரைந்து, ரூபாய் சரிந்து, இறக்குமதி விலை எகிறியது. ரசாயன உரத் தடையும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அத்தகைய நேரடிக் கொள்முதலைத் தடைசெய்தது. யூரோ மண்டலத்தில் சந்தையிலிருந்து பத்திரம் வாங்கப்போவதாக வந்த 2015 ஜனவரி அறிவிப்பின்போது அங்கே விலைவாசி ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது, காய்ச்சலுக்கும் குளிருக்கும் ஒரே மருந்து எழுதுவது.

இப்போது தெரசா மேயிடம் திரும்புவோம். அவர் சொன்னதை மட்டும் கேட்டால் ஏதோ வெளியாள் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டுவதுபோல் இருக்கும். 2010 முதல் 2016 வரை அவர் பிரிட்டனின் உள்துறை அமைச்சர். அந்த அமைச்சரவை என்ன செய்தது? 2011 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரியை 17.5இலிருந்து 20 சதவீதமாக்கியது. வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீரும் குடும்பங்களைத்தான் அது அதிகம் கடிக்கும். 2013 ஏப்ரலில் உச்ச வருமான வரியை 50இலிருந்து 45 சதவீதமாகக் குறைத்தது. உழைக்கும் வயதினருக்கான பல உதவித்தொகைகளின் ஆண்டு உயர்வை முதலில் 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது, பிறகு 2016 ஏப்ரலில் நான்கு ஆண்டுகளுக்கு முற்றாக உறைய வைத்தது. நிறுவன வரியை 28 சதவீதத்திலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டே வந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேங்க் ஆஃப் இங்கிலாந்து வாங்கிய பத்திரங்களில் வந்த லாபத்தை 2012 நவம்பரில் செய்த ஓர் ஏற்பாட்டின்படி கருவூலமே எடுத்துக்கொண்டது; 2022 வரை அப்படிப் போனது 120 பில்லியன் பவுண்டுக்கும் மேல். கொள்முதலின் லாபத்தை வாங்கிச் செலவழித்த அரசில் அமர்ந்திருந்தவர், அந்தக் கொள்முதல் ஏழைகளை வாட்டுகிறது என்று மேடையேறிச் சொன்னார். கைதட்டலும் வாங்கினார்.

5 சதவீதத்தினரிடம் 40 சதவீதம் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வியைப் பாக்கி வைத்திருந்தேன். பிரிட்டனில் வருமான ஏற்றத்தாழ்வு மிக வேகமாகப் பெருகியது 1980களில். 1979இல் கினி 25ஐ ஒட்டி இருந்தது. 1990இல் 34ஐ ஒட்டி. அந்தப் பத்தாண்டின் வாசலில், 1979 நவம்பரில், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 17 சதவீதம்; 1989இல் 15. அமெரிக்காவிலும் உச்சி 1 சதவீதத்தினரின் வருமானப் பங்கு ஏறத் தொடங்கியது 1980களில்தான். 1981இல் ஃபெட் தலைவர் பால் வோல்க்கர் அதன் வட்டியை 20 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோயிருந்தார். மலிவான பணம்தான் ஏற்றத்தாழ்வின் ஊற்று என்றால், பணம் இவ்வளவு விலை ஏறியிருந்த காலத்தில் இது எப்படி நடந்தது? தொழிற்சங்கங்கள் உடைக்கப்பட்டன, வரிகள் வெட்டப்பட்டன, தொழிற்சாலைகள் மூடப்பட்டன, நிதித்துறை அவிழ்த்துவிடப்பட்டது. பின்னர், பெரும் கொள்முதல் நடந்த 2009க்குப் பிறகான பத்தாண்டில், பிரிட்டனின் வருமான கினி ஏறவில்லை. 2008ஐ விடச் சற்றுக் கீழேயே கிடந்தது.

மத்திய வங்கிகள்மேல் கோபப்படக் காரணமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இரண்டு இடங்களில் எனக்கே கோபம் உண்டு. ஒன்று, 2021. அமெரிக்காவில் வீட்டு விலைகள் ஓராண்டில் 18 சதவீதத்துக்கும் மேல் எகிறிக்கொண்டிருந்தபோது, ஃபெட் மாதம் 40 பில்லியன் டாலர் வீட்டுக் கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டே இருந்தது. கடையை மூடியது 2022 மார்ச்சில். அதற்குள் பணவீக்கம் பல பத்தாண்டுகளில் இல்லாத உயரத்தில் நின்றது, உணவுக்கும் எரிபொருளுக்கும் வருமானத்தில் பெரும்பங்கைக் கொடுப்பவர்களே அதில் அதிகம் அடிபட்டார்கள். அந்தப் பணவீக்கத்தில் உக்ரைன் போருக்கும் பொருள் தட்டுப்பாட்டுக்கும் உள்ள பங்கு பெரிது. ஆனால் வீட்டுக் கடன் பத்திரக் கொள்முதலுக்குச் சொல்ல ஒரு சமாதானமும் இல்லை.

மற்றது, கொள்முதலின்போது உருவாக்கிய பணத்துக்கு இன்று கொடுக்கப்படும் வட்டி. வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் அந்த இருப்புக்கு, பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் முழுக் கொள்கை வட்டியையும் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் அது 5.25 சதவீதம். வங்கிகள் அதை அப்படியே வாங்கிக்கொண்டு, சாதாரண வைப்பாளருக்கு அதில் ஒரு பகுதியைத்தான் தந்தன. மத்திய வங்கியின் நஷ்டத்தைக் கருவூலம், அதாவது வரி கட்டுபவர், ஈடுகட்டுகிறார். பொதுப் பணம் வங்கிப் பங்குதாரரிடம் போகும் இந்த வாய்க்கால் கண்ணுக்குத் தெரிகிறது, அடைக்கவும் முடியும். ஐரோப்பிய மத்திய வங்கி 2023 செப்டம்பர் முதல் கட்டாய இருப்புக்கு வட்டி தருவதை நிறுத்தியது. அது சிறு அடைப்புதான், ஆனாலும் அடைப்பு. டிரக்கன்மில்லர் வகையினரின் பேச்சில் இது வந்து நான் கேட்டதில்லை. அவர்கள் கேட்டது வட்டி ஏற வேண்டும் என்பது. ஏறினால் முதலில் வேலை இழப்பவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வேலையின்மை 2010இல் 16 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மந்தம் நீங்கி, வேலைச் சந்தை நீண்ட காலம் சூடாகவே இருந்த பிறகுதான், 2018இல், 6 சதவீதத்துக்குக் கீழே வந்தது. கடைசியாக வேலைக்கு எடுக்கப்படுபவர்களுக்கு அத்தனை ஆண்டு பிடிக்கிறது. 2013இலேயே கொள்முதலை முடித்து வட்டியை ஏற்றியிருந்தால் அந்த வரிசை பாதியில் நின்றிருக்கும்.

பத்திரம் வாங்குவதற்குப் பதில் மக்கள் கையில் நேரடியாகப் பணத்தைக் கொடுத்திருக்கலாமே என்பது எதிர்த்தரப்பின் கடைசி வாதம். கொடுத்திருக்கலாம்; கொடுத்தும் பார்த்தார்கள். ஆனால் அதைச் செய்தது நாடாளுமன்றம், மத்திய வங்கி அல்ல. 2021இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கான வரிச் சலுகையை விரித்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலரும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 3,000 டாலரும் என்று ஆக்கி, ஜூலை முதல் மாதாமாதம் பெற்றோர் கணக்கில் போட்டது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலில் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த அளவுகோலில் அதற்கு முன் அவ்வளவு குறைந்ததில்லை. ஃபெட் அப்போது மாதம் 120 பில்லியன் டாலருக்குப் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. அரசு அந்தச் செலவுக்கு மலிவாகக் கடன் வாங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். டிசம்பரில் திட்டத்தை நீட்டிக்கும் மசோதா செனட்டில் சிக்கியது. குடியரசுக் கட்சியின் 50 பேரும் ஏற்கெனவே எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியின் ஜோ மேன்சினும் கைவிரித்துவிட்டார். மறு ஆண்டு குழந்தை வறுமை 12.4 சதவீதம். ஏற்றத்தாழ்வுக்கு ஃபெட்டின் தலைவரிடம் கணக்குக் கேட்டவர்கள், அந்த டிசம்பரில் செனட் கட்டடத்தின் வாசலில் அல்லவா நின்றிருக்க வேண்டும்.